ஒரு தாய், தாம்பரம்

அத்தியாயம் 17

பட்ஜெட் நாளன்று ஏகநாதன் வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. பல வருஷமாக அமலில் இருந்த சட்டம் அது. காலை பத்தரைக்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் கம்பி, சிமென்ட் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு வந்து, பேனாவும் நோட்டுமாக டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார். ராணுவத்துக்கு எத்தனை கோடி என்று நிதியமைச்சர் வாயைத் திறக்கும் நேரத்தில் அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தாலும் போச்சு.

"நாட்டுக்கே கணக்கு சொல்லிக்கினு கீறாங்க, உனுக்கு சாம்பாரு முக்கியமா?" என்று கூடத்திலிருந்தே கத்துவார்.

இந்த வருஷம் குக்கர் ஐந்து விசில் அடித்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பச்சையம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். டி.வி. மேல் போர்த்திய துணி போர்த்தியபடியே இருந்தது. அதற்கு எதிரே, வழக்கமான நாற்காலியில், வழக்கமான நேரத்துக்கு, ஏகநாதன் உட்கார்ந்திருந்தார். அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் இதே பிப்ரவரி இருபத்தெட்டு, இதே பதினொன்றரை மணி. பாதுகாப்புக்கான தொகையை அவர் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. எழுந்து போகாமல், "எடுத்து அப்புறம் பேசச் சொல்லு" என்றார். பச்சையம்மா எடுத்தாள். அந்தப் பக்கம் ஒருவர் இந்தியில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்கு மாறினார். அவளுக்குப் புரிந்தது மகன் பெயர் மட்டும்தான். சிப்பாய் முகிலன், வயது இருபத்திரண்டு, வடக்கே பனிமலையில் காவல் சாவடி. விடியற்காலையில் பனி சரிந்து மூடிவிட்டது. உடலை எடுக்கவே நாலு நாள் ஆயிற்று.

திதி போன வாரமே முடிந்துவிட்டது. இன்று தேதி. இன்று மாலை நாலு மணிக்கு இரும்புலியூரில் அவர்கள் குடியிருக்கும் தெருவுக்கு முகிலன் பெயரை வைக்கிறார்கள். நகராட்சியில் தீர்மானம் போட்டு, நீலப் பலகை எழுதி, துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். விழாவில் ஏகநாதன் பேசப் போகிறார்.

பச்சையம்மாவின் நெஞ்சில் ஐந்து வருஷமாக உட்கார்ந்திருக்கும் கல்லைப் பற்றித் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் பிரித்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடலாம்.

ஏகநாதன் வாசகர் கடிதக்காரர். அப்பா காலத்து ஏரிப் பாசன நிலம் மனைகளாகி, மனைகள் வாடகை வீடுகளாகி, கையில் கொஞ்சம் ஓய்வு சேர்ந்தபோது அவருக்கு நாட்டைப் பற்றிய கவலை வந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடியே அரசாங்கம் நடத்துவார். தாம்பரம் ரயில்வே கேட் முதல் இலவச வேட்டி சேலை வரை அவர் அபிப்பிராயம் சொல்லாத விஷயம் இல்லை. எங்கே சுற்றினாலும் கடைசியில் ராணுவத்தில் வந்து நிற்பார். அங்கே வெட்டு, இங்கே குறை, எல்லையில் கொண்டுபோய்க் கொட்டு. கையெழுத்து மட்டும் அவருக்கே புரியாது. அதனால் மகள் சுபத்ரா அழகாக நகல் எடுத்துத் தருவாள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து அது அவளுடைய வேலை.

2002 தை மாதம். எல்லையில் படைகள் குவிந்திருந்த நேரம். பேசியது போதும், சண்டை வந்தால் வரட்டும், வீட்டுக்கு ஒருவரை அனுப்ப மக்கள் தயார் என்று ஏகநாதன் எழுதினார். அச்சில் வந்தது. பச்சையம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரில் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாத மனிதர். இந்த மனிதருக்கு அச்சில் வந்தால்தான் உறைக்கும் என்று நினைத்தாள். சுபத்ராவை உட்கார வைத்து நாலே வரி சொன்னாள்.

"இரும்புலியூர் ஏகநாதன் வீட்டுக்கு ஒருவர் என்கிறார். அவர் வீட்டிலிருந்து யாரை அனுப்புகிறார் என்று முதலில் சொல்லட்டும். பிறகு நாங்கள் யோசிக்கிறோம். இப்படிக்கு, ஒரு தாய், தாம்பரம்."

அதுவும் அச்சில் வந்தது. தெருவே சிரித்தது. மனிதர் வாயை மூடிக்கொள்வார் என்று அவள் போட்ட கணக்கு மட்டும் தப்பாகிப்போனது. பத்தாவது நாள் ஏகநாதனின் பதில் வெளியானது. "அந்தத் தாய்க்குச் சொல்கிறேன். என் ஒரே மகன் முகிலன் இந்த மாதம் பதினெட்டு முடிக்கிறான். அடுத்த ஆள்சேர்ப்பு முகாமில் முதல் ஆளாக நிற்பான்."

நின்றான். போனான். பெட்டியில் வந்தான்.

எழுதியது தான்தான் என்று பச்சையம்மா இன்றுவரை புருஷனிடம் சொல்லவில்லை. தெரிந்தவள் சுபத்ரா ஒருத்திதான்.

*

பன்னிரண்டு மணிக்குச் சுபத்ரா பொழிச்சலூரிலிருந்து வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஏகநாதன் ஒரு கத்தைத் தாளை நீட்டினார்.

"கொஞ்சம் நல்ல எழுத்துல எழுதிக் குடும்மா. மேடையில நின்னா எனக்கே படிக்க வராது."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் பேனா தொட்டு எழுதியது அது. சுபத்ரா அதை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கால் மணி நேரம் கழித்து அடுப்படிக்கு வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, அப்பா அந்த லெட்டரைப் பத்திப் பேசப் போறாரு."

பச்சையம்மாவின் கையிலிருந்த அப்பளம் எண்ணெயில் கருகிக்கொண்டிருந்தது.

"இன்னான்னு?"

"அந்தத் தாய்கிட்ட மன்னிப்பு கேக்கறேன்னு எழுதியிருக்காரும்மா. யாரோ மூணாம் மனுஷின்னு நெனச்சுக்கிட்டு, அவ்ளோ பேர் முன்னாடி. எல்லாப் பழியையும் தன் தலையில போட்டுக்கறாரு. கேக்கவே முடியல." சுபத்ரா மூக்கை உறிஞ்சினாள். "சொல்லிடும்மா. இன்னிக்காவது சொல்லிடு. எழுதினது என் கைன்னு நானும் சேர்ந்து சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சொன்னது என் வாயி. நானே சொல்றேன்."

சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். ஏகநாதன் வாசல் பக்கம் கண்ணாடியை மாட்டி முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே விமானப் படைத் தளத்தின் பயிற்சி விமானம் ஒன்று இரைந்துகொண்டு திரும்பியது. முன்பெல்லாம் பாதி சவரத்தில் பிளேடோடு வெளியே ஓடி அண்ணாந்து பார்ப்பார். இன்று கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னாங்க. உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்."

"ம்."

"அந்த லெட்டரு விஷயம்..."

அவர் கை நின்றது. சோப்பு நுரையோடு அப்படியே நின்றார்.

"இப்ப வேணாம் பச்ச. சாயந்தரம் ஆவட்டும்."

"இல்லீங்க, நீங்க மேடை ஏறதுக்குள்ள..."

"வேணாம்னு சொல்றேன் இல்ல? இப்ப நீ எதனா சொன்னீன்னா என்னால அங்க நிக்க முடியாது." பிளேடை மறுபடி கன்னத்தில் வைத்தார். "நான் பேசி முடிச்சிடறேன். அப்புறம் நீ இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்."

அந்தப் பதிலில் ஏதோ ஒன்று அவளுக்கு இடறியது. என்னவென்று பிடித்துப் பார்ப்பதற்குள் தெரு நலச் சங்கச் செயலாளர் சாம்பசிவன் ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார். மைக் செட் வந்துவிட்டது, கவுன்சிலர் நாலு மணிக்கு டாணென்று வருவதாகச் சொல்லியிருக்கிறார், மாலைக்கு ஆள் அனுப்பியாயிற்று என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். நல்ல மனிதர்தான். இழவு வீட்டிலும் கல்யாண வேலைபோலப் பரபரப்பார்.

பச்சையம்மா உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். மேலே சீருடையில் முகிலன் சிரித்துக்கொண்டிருந்தான். தொப்பி அவனுக்கு ஒரு சுற்றுப் பெரியது. அந்தப் படம் வந்த அன்று, "தலைக்கு ஏத்த தொப்பி குடுக்கக் கூட கவர்மெண்ட்டுக்கு வக்கில்லியா?" என்று அவள் கேட்க, "அதுக்கும் ஒரு லெட்டர் போட்டுடறேன்" என்று ஏகநாதன் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசித் தடவை அதுதான் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

*

தெருமுனையில் பந்தல் போட்டிருந்தார்கள். நூறு நாற்காலி. பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்களும் லாரிகளும் ஹாரனை அலற விட்டபடி போய்க்கொண்டிருந்தன. பெண்கள் வரிசையில் முதல் நாற்காலியைப் பச்சையம்மாவுக்கு விட்டிருந்தார்கள். சுபத்ரா மேடையில் அப்பா பக்கத்தில் இருந்தாள்.

கவுன்சிலர் இன்னும் வரவில்லை.

வேட்டி, சட்டை, தோளில் ஜோல்னாப் பையோடு எழுபது வயதுக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். நெற்றியில் திருமண் பாதி வியர்வையில் கரைந்திருந்தது.

"அம்மா, நீங்கதானே ஏகநாதன் சார் சம்சாரம்? நான் யக்ஞநாராயணன். பத்திரிகையில வாசகர் கடிதம் பகுதியைப் பார்த்துண்டிருந்தேன். ரிடயராகி மூணு வருஷமாச்சு. சார் போன் பண்ணி வரச் சொன்னார். மாம்பலத்துலேர்ந்து ட்ரெயின் பிடிச்சு வந்தேன்."

பச்சையம்மா எழுந்து கும்பிட்டாள். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூடியிருந்த பலகையை ஒருமுறை பார்த்தார்.

"உங்களை நான் பார்த்ததில்லையே தவிர, உங்க கடிதம் எனக்கு மனப்பாடம்மா. நாலே வரி. என்ன ஒரு போடு! சார் கடிதம் வர்ற அதே கோடு போட்ட தாள், அதே நீல மை, அதே குண்டு குண்டான எழுத்து. பிரிச்சதும் சிரிச்சுட்டேன். அச்சுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடியே சாருக்கு போன் போட்டுச் சொன்னேன். சார், உங்காத்துலேர்ந்தே உங்களுக்கு எதிர்க்கட்சி கிளம்பியாச்சுன்னேன்."

பச்சையம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னா சொன்னீங்க?"

"சொன்னேனேம்மா. போடட்டுமான்னு கேட்டேன். போடுங்கோ, நானும் பதில் தரேன்னார். சிரிச்சுண்டேதான் சொன்னார்." கிழவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். "உங்களுக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுண்டுதான் எழுதறேள்னு நான்..."

அவள் பார்வை மேடைக்குப் போனது.

தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. யாரோ முகம் தெரியாத பொம்பளை சீண்டிவிட்டாள், அந்த ரோஷத்தில் எழுதிவிட்டார் என்றுதான் இத்தனை நாள் அவள் நினைத்திருந்தாள். இல்லை. பொண்டாட்டிதான் கேட்டாள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். கட்டினவளை ஜெயிக்க வேண்டும். அதற்குக் கையில் கிடைத்தது பெற்ற பிள்ளை.

ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சோற்றைத் தின்றுகொண்டு, அவள் அவரிடம் மறைத்தாள், அவர் அவளிடம் மறைத்தார். நடுவில் பையன் கிளம்பிப் போய்விட்டான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியே எழுந்துபோய் மேடையிலிருந்து அவரை இழுத்துக் கீழே தள்ள வேண்டும் போலிருந்தது.

யக்ஞநாராயணன் பையிலிருந்து ஒரு காக்கிக் கவரை எடுத்தார்.

"நான் வந்த காரியம் வேறம்மா. சார் பதில் வந்து நாலைஞ்சு நாள் கழிச்சு எனக்கு மூணாவதா ஒரு கடிதம் வந்தது. தம்பி எழுதினது."

"யாரு... முகிலனா?"

"ஆமாம். நான் அதைப் போடலை. அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு, இப்போ பிள்ளையுமா, குடும்பமே சேர்ந்து விளையாடறதுன்னு நெனச்சு எடுத்து வெச்சுட்டேன். ரிடயராகும்போது என் காகிதங்களோட இதுவும் ஆத்துக்கு வந்துடுத்து. போன வருஷம் பேப்பர்ல தம்பி படத்தைப் பார்த்தப்புறம்தான் மறுபடி எடுத்துப் படிச்சேன்." அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "சார் கையில கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. பெத்தவ நீங்க. இங்க பிரிக்காதீங்கோ. ஆத்துக்குப் போய்ப் படிங்கோ."

கவரை அவள் மடியில் வைத்துவிட்டு அவர் எழுந்தார். கூட்டம் முடியும்வரை கூட நிற்கவில்லை. ஸ்டேஷன் பக்கமாக, யாரையும் பார்க்காமல் நடந்து போனார்.

*

கவுன்சிலர் நாலே முக்காலுக்கு வந்தார். பலகையின் துணியை விலக்கினார். 'முகிலன் தெரு' என்று வெள்ளை எழுத்து. எல்லோரும் கை தட்டினார்கள். தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார்கள். சாம்பசிவன் ஏகநாதனை மைக் அருகே அழைத்து வந்தார்.

ஏகநாதன் பேசுகிறார் என்றால் கூட்டத்துக்கு ஒரு எதிர்பார்ப்பு உண்டு. நரம்பு புடைக்கும். கோடிகளும் சதவிகிதமும் கொட்டும். பின்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "இன்னிக்கி பட்ஜெட்டு வேற, சார் கிழிக்கப் போறாரு பாரு" என்றார்.

அவர் மகளின் எழுத்தில் இருந்த தாளைப் பிரித்து, தலை நிமிராமல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல வார்த்தை வார்த்தையாகப் படித்தார்.

"பெரியோர்களே. ராணுவத்துக்குச் செலவு செய்வது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. எவ்வளவு செய்யலாம் என்பதைத் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். இருபது வருஷமாக நான் அதைப் பற்றி எழுதினேன். எத்தனை டாங்கி, எத்தனை விமானம், எத்தனை கோடி என்று எழுதினேன். கடையில் உட்கார்ந்துகொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எழுதினேன். அங்கே நிற்பது ஒரு வீட்டுப் பிள்ளை என்பதை ஒரு கடிதத்தில்கூட எழுதவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை."

பந்தலில் சத்தம் அடங்கியது.

"ஒரு தாய்க்குத் தோன்றியது. உன் வீட்டிலிருந்து யார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தெரியவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருக்கலாம். தோற்கக் கூடாது என்று நினைத்தேன். என் மகனைக் கேட்காமல் என் மகன் பெயரை எழுதினேன்."

தாளை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தாயிடம் நேரில் பேச எனக்கு முகம் இல்லை. எழுதித்தான் பழக்கம். அதனால் எழுதிப் படிக்கிறேன். அம்மா, நீங்கள் ஜெயித்திருக்க வேண்டும். நான் ஜெயித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்."

பெண்கள் வரிசையில் நாலைந்து பேர் விசும்பினார்கள். பின்னால் ஒருத்தி, "பாவம், எவளோ ஒரு பொம்பள எழுதிப்புட்டு நிம்மதியா தூங்கிக்கினு கீறா. இந்த மனுசன் சாவறாரு" என்றாள்.

பச்சையம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சற்று முன் அவரைக் கீழே இழுத்துத் தள்ளத் துடித்த அதே கைகள் இப்போது மடியிலிருந்த கவரைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. கோபம் போகவில்லை. ஆனால் அந்த மனிதர் இத்தனை பேர் நடுவே நின்று அவள் ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. காலையில் சவரம் செய்தபோது, "இப்ப நீ எதனா சொன்னீன்னா என்னால அங்க நிக்க முடியாது" என்றது எதற்கு என்றும் விளங்கியது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டது இதுதான் முதல் தடவை. வீட்டில் வைத்து இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து நினைத்து அவள் தேம்பினாள்.

*

ஏகநாதனைச் சுற்றி ஆட்கள் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மா மகளைக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். விளக்கேற்றக்கூட நிற்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்க் கவரைப் பிரித்தாள்.

உள்ளே ஒரு நீல இன்லாண்டு கடிதம். நடுங்கிய கையெழுத்து இல்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல், பரீட்சைக்கு எழுதுவதுபோல் எழுதியிருந்தான்.

"நீ படி" என்றாள். "எனக்குக் கண்ணு மறைக்குது."

சுபத்ரா படித்தாள்.

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். இரும்புலியூர் ஏகநாதன் என் அப்பா. ஒரு தாய் என்று எழுதியவர் என் அம்மா. அக்கா எழுதும்போது நான் பார்த்தேன். வீட்டில் இருவரும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. உங்கள் பத்திரிகையில்தான் பேசிக்கொள்கிறார்கள்."

சுபத்ரா நிறுத்தினாள். பச்சையம்மா, "படி" என்றாள்.

"நான் ராணுவத்தில் சேருவேன் என்று அப்பா எழுதியது எனக்கு அச்சில் பார்த்துத்தான் தெரியும். இப்போது கல்லூரியிலும் தெருவிலும் எப்போது போகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகவில்லை என்றால் அப்பாவுக்கு அவமானம். அதனால் ஒரு வேண்டுகோள். அந்தக் கடிதத்தில் என் பெயர் தவறுதலாக அச்சாகிவிட்டது என்று நீங்கள் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும். அப்பா மேலும் குற்றம் வராது. அம்மாவும் அழ மாட்டார்கள். நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன். தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். இப்படிக்கு, ஒரு மகன், தாம்பரம்."

சுபத்ரா தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பச்சையம்மாவுக்கு அழுகைகூட வரவில்லை. ஒரு மாதம் போல அந்தப் பிள்ளை விடிந்ததும் முதல் ஆளாக வாசலுக்கு ஓடி பேப்பரை எடுத்து, நின்றபடியே பிரித்துப் பார்த்தது அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. பட்டாளத்துக்குப் போகிற ஆசையில் ஆள்சேர்ப்பு விளம்பரம் தேடுகிறான் என்று அவள் அன்றைக்கு நினைத்தாள். திருத்தம் வந்திருக்கிறதா என்று தேடியிருக்கிறான். தினமும் தேடியிருக்கிறான். வரவில்லை என்று ஆனதும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான்.

"அப்பாவுக்குக் காட்டணுமாம்மா?" என்றாள் சுபத்ரா.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

பச்சையம்மா மகள் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, நாலாக மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். விளக்கைப் போட்டாள். ஃபிளாஸ்கிலிருந்து காபியை டம்ளரில் ஊற்றினாள்.

ஏகநாதன் வந்து நிலைப்படியிலேயே நின்றார். ஒரே நாளில் பத்து வயது கூடினவர் போலிருந்தார். கழுத்தில் போட்ட மாலை கையில் இருந்தது.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்."

"தெரிஞ்சுகினியா, யாருக்குச் சொன்னேன்னு?"

"தெரிஞ்சுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஐந்து வருஷம் கழித்து, அந்த வீட்டில், அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை. பிறகு கேட்டார்.

"யக்ஞம் சார் உன்னாண்ட இன்னாவோ கவர் குடுத்தாரே. நான் மேடைலேர்ந்து பாத்தேன். இன்னா அது?"

சுபத்ரா அம்மாவைப் பார்த்தாள்.

"நான் அன்னிக்கி எழுதினதுதான்" என்றாள் பச்சையம்மா. "பத்திரமா வெச்சிருந்தாராம். திருப்பிக் குடுத்துட்டாரு."

ஏகநாதன் முகத்தில் என்னவோ அசைந்தது. கையை நீட்டினார்.

"குடு. ஒரு தபா பாக்கறேன். அச்சுலதான் பாத்துக்கீறேன். உன் லெட்டரை நான் பாக்கவே இல்ல."

நீட்டிய கையில் அவள் காபி டம்ளரை வைத்தாள். சூடு தெரியாமல் அவர் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆறிடும், குடிங்க. அது எங்க ஓடிப் போவுது? நாளைக்குப் பாத்துக்கலாம்."

"சரி, நாளைக்கு" என்றார் ஏகநாதன். சுவரில் இருந்த மகனைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்கி மறக்காம குடு."